பதினொன்றில் நிற்கும் மின்தூக்கி

அங்கே இரவு பத்து என்றால்
எனக்குக் காலை ஆறு.
பூன் லேயில் ஏறி, இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்தபடி
இயர்போனில் கேட்டுக்கொண்டு போகிறேன்
ஒரு நாட்டின் மன்றத்தில் மறுபடி தலை எண்ணுவதை.
ஆம் என்போர் வலப்பக்கம்.
இல்லை என்போர் இடப்பக்கம்.
பக்கத்தில் நின்றபடியே தூங்கும் பள்ளிப் பையன்
என் தோளில் இடித்து, விழித்து, மன்னிப்புக் கேட்டு
மறுபடி தூங்குகிறான்.
குயின்ஸ்டவுன் தாண்டும்போது முடிவு வருகிறது:
இல்லை.

போன செவ்வாயும் இல்லைதான்.
இப்படி விலகலாமா? இல்லை.
அப்படி? இல்லை.
விலகாமலே இருந்துவிட்டால்?
அதற்கும் கை தூக்க ஆள் போதவில்லை.

தஞ்சோங் பகாரில், சரக்கு நிறுவனமொன்றில், என் மேசை
அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில்.
மூலநாட்டுச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிசகினால்
துறைமுகத்தில் ஒரு பெட்டி பத்து நாள் வெயில் காயும்.
அந்தப் பயத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.
இப்போது கடலில் இருப்பது
லக்சா விழுது, ஏழாயிரத்து இருநூறு புட்டி.
போய்ச் சேர முப்பது நாள்.
கிளம்பியபோது இருந்த சட்டம்
கரையேறும்போது இருக்குமா என்று
கப்பலுக்கும் தெரியாது.

ஹாஃபிஸ் மூன்று கோப்பு திறந்துவைத்திருக்கிறான்.
'போனால்.'
'இருந்தால்.'
மூன்றாவதன் மேல் பென்சிலில்
ஒரு கேள்விக்குறி, அதற்கு மீசை.
தடிமனாகிக்கொண்டே போவது அதுதான்.

கணக்கெழுதும் பீ லியன் அக்கா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"எங்களுக்கு அது வானொலியில் வந்தது, காலை பத்து மணிக்கு.
டின் பால் வாங்கப் போனேன், எட்டு வயது.
திரும்பி வரும்போது வேறு நாடு.
ஒருத்தரும் எங்களைக் கேட்கவில்லை."
அது குறையா பெருமையா என்று தெரியவில்லை.
அதற்குள் பேரேட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றரைக்கு ஈஸ்ட்ஹாம் சிவபாதம் அழைக்கிறார்.
அங்கே கடை திறக்கும் நேரம், ஷட்டர் ஏறும் சத்தம்.
"தங்கச்சி, வாக்குப் போட்டு மூண்டு வருசமாகப் போகுது.
எதிர்க்கடை டெரிக் போகச் சொல்லிப் போட்டவர்.
நான் வேண்டாமெண்டு.
ஒரு வருசம் முகம் பாக்கேல்ல நாங்கள்.
இப்ப ரெண்டு பேரும் ஒரே பேப்பரை விரிச்சுவச்சு
ஒண்டாத்தான் ஏசுறம்.
போறதெண்டாப் போகட்டும், இருக்கிறதெண்டா இருக்கட்டும்,
ஏதாவது ஒண்டைச் செய்யச் சொல்லுங்கோ!"

என்னிடம் சொல்கிறார்,
நான் சொன்னால் கேட்பார்கள் என்பதுபோல.
"சரிங்க அண்ணே, சொல்றேன்" என்கிறேன் நானும்.

மாலை. எங்கள் புளோக்கின் அடித்தளம்.
இரண்டாவது மின்தூக்கி பழுது பார்ப்பில்,
மஞ்சள் நாடா கட்டி ஒரு வாரம்.
முதலாவதன் எண் பதினொன்று.
பதினொன்று.
பதினொன்றேதான்.
மேலே யாரோ விடைபெறுகிறார்கள்.
போய்ட்டு வரேன் என்று சொல்லியாகிவிட்டது,
செருப்பும் மாட்டியாகிவிட்டது,
ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே,
கை கதவின் மேல்,
பேச்சு மட்டும் பெண்ணின் கல்யாணத்தில் தொடங்கி
எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.
கதவு கத்துவது இங்கே வரை கேட்கிறது.

சக்கர நாற்காலியில் ஒரு மலாய்க்காரர்.
அவர் மடியில் வாழைப்பழச் சீப்பு.
எரிகிற பொத்தானையே திரும்பத் திரும்ப அழுத்தும் ஒரு மாமா.
என் கையில் ஐந்து கிலோ அரிசி,
விரல்களில் பையின் கோடு சிவந்துவிட்டது.
யார் வீட்டு விருந்தாளி என்று
எங்களில் எவருக்கும் தெரியாது.
வைவதில் மட்டும் நான்கு மொழியும் ஒத்துப்போகிறது.

சூப் ஆறுகிறதே என்று உணவு கொண்டுவந்த பையன்
படிகளில் ஓடினான்.
நான்காம் மாடி வரை காலடி கேட்டது.
பிறகு அதுவும் இல்லை.

அரிசியைத் தரையில் வைத்தேன்.

எண் அசைந்தது.
எல்லோரும் நிமிர்ந்தோம்.

பன்னிரண்டு.

மாமாதான் முதலில் சிரித்தார்.